பெலும் குகையில் கற்கால எச்சம் எங்கே இருக்கிறது?

கீழ்க்கட்டளைவாசி

வணக்கம். காலாண்டு விடுமுறைக்கு ஆந்திராவில் கண்டிக்கோட்டையும் பெலும் குகையும் சேர்த்துப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. அம்மாவுக்கு 67 வயது. படி ஏறி இறங்குவார், ஆனால் மெதுவாகத்தான். பெரியவன் ஒன்பதாம் வகுப்பு, பழைய கற்காலம் என்றால் சாப்பாடு வேண்டாம். ஒரு பயண விளம்பரத்தில் "ஆதிமனிதன் வாழ்ந்த குகை" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்புக்கூடு வைத்திருப்பார்கள் என்று தம்பியைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறான்.

மைத்துனர் வேறு, பெலும் எல்லாம் சும்மா, விசாகப்பட்டினம் பக்கம் போரா குகைக்குப் போங்கள் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: பெலுமா, போராவா? அம்மாவை உள்ளே கூட்டிப் போகலாமா? கற்காலத்துப் பொருள் ஏதாவது கண்ணால் பார்க்க முடியுமா?

ரயில்பைத்தியம்

சென்னையிலிருந்து மும்பைப் பாதையில் போகும் வண்டிகள் ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா வழியாகத் தாடிபத்ரி போகும். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து முன்பதிவு செய்யுங்கள். தாடிபத்ரியிலிருந்து குகை சுமார் 30 கி.மீ. காரில் என்றால் சென்னையிலிருந்து 400 கி.மீ.க்கு மேல் வரும், குழந்தைகளோடு ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள்.

பெலும் இருக்கும் கொலிமிகுண்ட்லா மண்டலம் 2022 வரை கர்நூல் மாவட்டம், இப்போது நந்தியால் மாவட்டம். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு வரைபடத்தில் தேடிக் குழம்பாதீர்கள். தாடிபத்ரியில் இறங்கினால் புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலை விட்டுவிடாதீர்கள். விஜயநகர காலத்துக் கல்வேலை. குகையே பிடிக்காமல் போனாலும் அந்தக் கோபுர அடித்தளத்துக்காகவே பயணம் தகும்.

மலையேறி

நான் போனேன். நேராகச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம். போராவில் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தால் மண்டபம் மாதிரி உயரம், எங்கு பார்த்தாலும் தொங்குகிற கல், எழும்பி நிற்கிற கல். பெலுமில் பாதி நேரம் குனிந்து நடக்கிறோம், பக்கத்தில் சுவர், முன்னால் ஒருத்தர் முதுகு, சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல் நனைந்துவிட்டது.

கற்காலம் என்று கேட்டீர்களே, உள்ளே ஒரு சில்லுகூடக் கிடையாது. எங்களோடு வந்த வழிகாட்டி, "இங்கே சிவலிங்கம், இங்கே பாம்புப் படம், இங்கே ஆலமர விழுது" என்று கைகாட்டிக்கொண்டே அரை ஓட்டத்தில் கூட்டிப் போய்விட்டார். எந்தக் கல் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

பாறைப்பித்தன்

மலையேறி தம்பி சொல்வதில் பாதி சரி. போராவை மனதில் வைத்துக்கொண்டு பெலுமுக்குப் போனால் சப்பென்றுதான் இருக்கும். இரண்டும் சுண்ணாம்புப் பாறைக் குகைதான், ஆனால் பார்க்க வேண்டிய சங்கதி வேறு.

போராவில் கண்ணில் படுவது சொட்டு நீர் கட்டிய வேலை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு குகையின் கூரைக்கு வந்து துளியாக நிற்கும். குகைக் காற்றில் வாயு பிரிந்ததும், கரைந்திருந்த சுண்ணாம்பு துளியின் ஓரத்தில் படிந்துவிடும். கூரையில் படிந்து இறங்குவது கல்விழுது, சொட்டு விழுந்த இடத்தில் எழும்புவது கல்முளை, இரண்டும் தொட்டுக்கொண்டால் தூண். வேகம் இடத்துக்கு இடம் மாறும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதன்படி ஒரு சாண் வளர இரண்டாயிரம் வருடத்துக்கு மேல்.

பெலுமில் கட்டிய வேலை குறைவு, அரித்த வேலைதான் அதிகம். இதுவரை அளந்த நீளம் 3,229 மீட்டர். இந்தியச் சமவெளியில் இவ்வளவு நீளமான குகை வேறு இல்லை. மேகாலயத்தில் இதைவிட நீளமானவை உண்டு, ஆனால் அவை மலைக் குகைகள். மக்கள் பார்வைக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். வெளியே பார்த்தால் வெறும் வயல்காடு, மலை கிடையாது. கிணறு மாதிரி மூன்று பள்ளம், நடுவில் இருப்பதுதான் வாசல். ஒரு காலத்தில் இந்த வழிகள் முழுக்க நிலத்தடி நீர் நிறைந்து ஓடியிருக்கிறது. நீர்மட்டம் கீழே போனதும் வழி மட்டும் மிஞ்சியது.

அதை எப்படிக் கண்டுகொள்வது? சுவரில் விளக்கு பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். வழவழப்பான பாறையில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் செங்குத்தாக இருக்கும், மறு பக்கம் சரிந்து போகும். செங்குத்துப் பக்கம்தான் நீர் வந்த திசை. குழிகள் சின்னதாக நெருக்கமாக இருந்தால் அங்கே ஓட்டம் வேகம், பெரிதாக இருந்தால் நிதானம். வழி குறுகும் இடத்திலும் அகலும் இடத்திலும் குழியின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இதைக் காட்டினால், வழிகாட்டி லிங்கத்தைக் காட்டி முடிப்பதற்குள் அவன் இல்லாத ஆற்றின் திசையைச் சொல்லிவிடுவான்.

இன்னொன்று. நம் சமையலறை அலமாரிக்குப் பதிக்கிறோமே கடப்பா கல், அதுவும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். போகும் வழியெல்லாம் குவாரியும் அடுக்கி வைத்த பலகையுமாக இருக்கும். பாறைக்கு வயது 50 கோடி வருடத்துக்கு மேல். குகை அதில் பிற்பாடு விழுந்தது, அதற்கு அவ்வளவு வயது இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பி "50 கோடி வருடக் குகை" என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

ஓசூர் கலா

அம்மாவைப் பற்றி நான் சொல்கிறேன், என் மாமியாரைக் கூட்டிப் போன அனுபவம் இருக்கிறது. இறங்குவதற்கு நல்ல படிக்கட்டு இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. முதல் கூடம் விசாலம். பிரச்சினை படி இல்லை, காற்றுதான். குகை என்றால் ஜிலுஜிலு என்று இருக்கும் என நினைப்போம், இங்கே புழுக்கம். மேலேயிருந்து காற்று வருவதற்குத் துளை போட்டிருக்கிறார்கள், அந்த இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருந்தால் முதல் கூடத்தோடு திரும்பிவிடுவது நல்லது. என் மாமியார் அங்கேயே உட்கார்ந்து, வருவோர் போவோரிடம் தெலுங்கில் கதை பேசிக்கொண்டிருந்தார். எங்களைவிட அவருக்குத்தான் அதிக விஷயம் தெரிந்திருந்தது.

பாதாள கங்கைக்கு இறங்குவதுதான் கஷ்டம். அதுதான் குகையிலேயே ஆழம், தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர். இரும்பு ஏணிப்படி, ஈரம், கீழே சின்ன ஓடை, அவ்வளவுதான். பெரியவர்கள் அதைத் தவிர்க்கலாம். செருப்பு வழுக்கும், பின்பட்டை வைத்ததாகப் போடுங்கள். தண்ணீர் பாட்டில், கைத்துண்டு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். குறுகலான வழியில் எதிரும் புதிருமாகக் கூட்டம் மாட்டிக்கொண்டு, ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் எல்லாக் குழந்தையும் அழும்.

செப்டம்பர் கடைசி என்றால் மழை பெய்யும் காலம். பலத்த மழை என்றால் உள்ளே தண்ணீர் இறங்கும், மூடிவிடவும் கூடும். கிளம்புமுன் ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மலையேறி

@பாறைப்பித்தன் சார், குழி சமாச்சாரம் புதுசு. வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆதிமனிதன் எங்கே?

சில்லுக்கல்

அந்தக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெலுமில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கியிருந்தார்கள் என்பதற்குத் தடயங்கள் கிடைத்தன. அதற்கும் முந்தைய மண்பாண்டத் துண்டுகள் கிடைத்ததாகவும், அவை கி.மு. 4500 காலத்தவை என்றும் சுற்றுலாத் தரப்பில் சொல்கிறார்கள். சரி, அந்தத் தேதியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது பானை செய்யத் தெரிந்த மக்களின் காலம். கைக்கோடரி செய்தவர்கள் அதற்கு லட்சக்கணக்கான வருடம் முன்னால். பழைய கற்காலம் வேறு, இது வேறு. எடுத்த பொருளும் குகைக்குள் இல்லை, வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தது மலையேறி மட்டும் அல்ல.

உண்மையான கற்காலக் கதை அதே வட்டாரத்தில், பேதம்செர்லா பக்கத்தில், பில்லசுர்கம் என்னும் குகைகளில் இருக்கிறது. இந்தக் கதையில் நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வருகிறார்: ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்பாறைச் சரளைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்று சொன்னாரே, அவரேதான். கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

பில்லசுர்கத்தில் எலும்புகள் இருப்பதை 1844-லேயே நியூபோல்டு என்ற ராணுவ அதிகாரி எழுதியிருந்தார். பிறகு யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது வருடம் கழித்து, லண்டனிலிருந்து உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு எழுதித் தூண்டிவிட, வேலை ஃபூட்டின் தலையில் விழுந்தது. மனிதனின் மூதாதை எலும்பு கிடைக்குமா என்பதுதான் ஹக்ஸ்லியின் ஆசை. 1884, 85-இல் ஃபூட்டும், பீரங்கிப் படையில் இருந்த அவர் மகன் ஹென்றியும் அங்கே தோண்டினார்கள். பெலும் குகையைப் பற்றி ஃபூட் குறிப்பிட்டதும் அந்த 1884-இல்தான்.

மூதாதை கிடைக்கவில்லை, விலங்கு எலும்புகள் கூடை கூடையாகக் கிடைத்தன. லிடெக்கர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து 1886-இல் வெளியிட்டார். அதில் காண்டாமிருகம் உண்டு. இன்றைக்கு நந்தியால் பக்கம் காண்டாமிருகத்தை நினைத்துப் பாருங்கள். எலும்புக் கருவிகள் என்று ஃபூட் பட்டியலிட்டதில் எத்தனை மனிதன் செய்தது, எத்தனை விலங்கு கடித்தது என்று பிற்பாடு ஆய்வாளர்களிடையே தகராறு வந்தது. அது இன்னும் ஓயவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. நம் காலத்தில் மறுபடி தோண்டி, மண் அடுக்குகளுக்கு முறையாகத் தேதி கணித்து, 2014-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே அடையாளம் கண்ட 21 வகைப் பாலூட்டிகளில் 20 வகை குறைந்தது ஒரு லட்சம் வருடமாக, சில இரண்டு லட்சம் வருடமாகக்கூட, இந்தியாவில் தொடர்ந்து இருந்து வருகின்றன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மனிதன் போய்ச் சேர்ந்த பிறகு பெரிய விலங்குகள் ஏராளமாக அழிந்துபோயின. இங்கே அப்படி இல்லை, இடம் மாறினவே தவிரப் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. என்னைக் கேட்டால் ஹக்ஸ்லி தேடியதைவிட இது பெரிய கண்டுபிடிப்பு.

மலையேறி, உங்கள் வழிகாட்டி இதில் ஒரு வரி சொல்லியிருந்தால்கூடப் போதும். காட்சிக் குகை நடத்துகிறவர்கள் விளக்குக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கை வாசலில் நாலு படம் வைக்கச் செலவழிக்கலாம். மக்களுக்குப் புரியாது என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஈப்போ ராணி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சில்லுக்கல் அண்ணன் கடைசியில் சொன்னதற்காகவே வந்தேன். எங்கள் பக்கம் சரவாக்கில் நியா குகை இருக்கிறது. 1958-இல் டாம் ஹாரிசன், பார்பரா ஹாரிசன் தம்பதி அங்கே தோண்டியபோது ஒரு மண்டையோடு கிடைத்தது, ஏறத்தாழ 40,000 வருடப் பழமை. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே போவதற்கே காட்டுக்குள் பலகைப் பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மண்டையோடு குகையில் இல்லைதான், ஆனால் தோண்டிய குழியைச் சுற்றி வேலி போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். குகை வாயில், வெளிச்சம் வருகிற இடம். அங்கே நின்றால் மனிதன் ஏன் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தான் என்று யாரும் சொல்லாமலே தெரியும்: மழை படாது, காற்று வரும், வெளியே நடப்பது தெரியும். உள்ளே போகப் போகக் கும்மிருட்டும் வௌவால் நாற்றமும்தான். அங்கே போய் யார் குடித்தனம் நடத்துவார்கள்?

அப்புறம் உள்ளே கலர் விளக்கு கிடையாது, டார்ச் நாமே கொண்டுபோக வேண்டும். பறவைக்கூடு எடுக்கிறவர்கள் கூரை வரை கட்டி வைத்திருக்கும் கம்பங்களைப் பார்த்தாலே தலை சுற்றும்.

சில்லுக்கல்

@ஈப்போ ராணி, சரியாகப் பிடித்தீர்கள். கற்கால மக்கள் பெரும்பாலும் குகை வாயிலிலும் பாறை நிழலிலும்தான் இருந்தார்கள். பெலும் மாதிரி கிணற்றுக்குள் இறங்கிக் காற்றில்லாத வழியில் கிலோமீட்டர் கணக்காகப் போய்க் குடியிருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அதனால் அங்கே பழைய கற்காலக் குடியிருப்பை எதிர்பார்ப்பதே பொருந்தாது.

மலையேறி

போராவிலாவது இருக்கிறதா? 1807-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அதைக் கண்டுபிடித்தார் என்று எல்லாப் பதிவிலும் இருக்கிறது.

சில்லுக்கல்

போராவில் கற்கருவிகள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 1807 எனக்கு எப்போதும் இடிக்கும். அந்தத் துறை தொடங்கியதே 1851-இல். 1863-இல் ஃபூட்டோடு அத்திரம்பாக்கத்தில் கல் பொறுக்கிய வில்லியம் கிங்தான் இவர் என்றால், 1807-இல் அவர் பிறந்தே இருக்க மாட்டார். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளூர்க் கதை வேறு மாதிரி: மேய்ந்துகொண்டிருந்த மாடு மேலே இருந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்துவிட்டது, தேடிப் போன மேய்ப்பவர் லிங்கம் போன்ற கல்லைப் பார்த்தார், கோயில் வந்தது. 1807-ஐவிட மாட்டை நம்பலாம்.

ஓசூர் கலா

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பெலுமில் சப்தஸ்வர குகை என்று ஒரு இடம். 2006-இல் திறந்தது. அங்கே தொங்கும் கல்லைத் தட்டினால் உலோகத்தைத் தட்டுவது போல் சத்தம் வருகிறது. எங்கள் வழிகாட்டி விரல் முட்டியால் தட்டிக் காட்டினார், பிறகு குழந்தைகளையும் தட்டச் சொன்னார். குழந்தைகளுக்கு ஒரே குஷி. பக்கத்தில் நின்ற ஒருவர் கோபப்பட்டு, தொடவே கூடாது என்று சண்டை போட்டார். யார் சொன்னது சரி?

பாறைப்பித்தன்

சண்டை போட்டவர் சொன்னதுதான் சரி. இன்னும் சொட்டு விழுந்துகொண்டிருக்கும் கல் என்றால், கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை அதன்மேல் படும். அதற்குப் பிறகு நீர் அங்கே ஒட்டாமல் வழுக்கிப் போகும், சுண்ணாம்பு படியாது. அதோடு கல்லும் அழுக்கேறிக் கறுக்கும். ஒருவர் தொட்டால் தெரியாது. விடுமுறை நாளில் வரிசையாக வந்து ஆளாளுக்குத் தட்டினால்? மெல்லியதாக இருப்பது ஒடிந்தே போகலாம். ஒடிந்ததை ஒட்ட வைக்க முடியாது.

மலையேறி

சார், இது கொஞ்சம் ஓவர். சொட்டு நின்றுபோன காய்ந்த கல்லில் என்ன வளரப் போகிறது? அதற்கென்றே ஒதுக்கிய நாலு கல்லைத் தட்டிவிட்டுப் போகட்டும். எதையும் தொடாதே, எதையும் கேட்காதே என்றால் குழந்தைகள் அருங்காட்சியகத்தைப் போலவே குகையையும் வெறுத்துவிடும்.

பாறைப்பித்தன்

காய்ந்த கல் என்று நீங்களும் நானும் எப்படி முடிவு செய்வது? வெயில் காலத்தில் காய்ந்திருப்பது மழைக்குப் பிறகு சொட்டும். ஊழியர் ஒருவரே ஒரு கல்லை மட்டும் தட்டிக் காட்டினால் அதோடு ஒழிந்தது என்று விட்டுவிடலாம். எல்லோரையும் தட்டவிடுவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை விளக்கு. விளக்குக்கு அடியில் பாறையைக் கூர்ந்து பாருங்கள், ஒளி படும் வட்டத்துக்குள் மட்டும் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். ஒரு முழம் தள்ளி இருட்டில் ஒன்றும் இருக்காது. குகைக்குள் இயல்பாக வெயில் கிடையாது, அதனால் பாசியும் கிடையாது. நாம் கொண்டுபோய் வைத்த விளக்கு அதை வளர்க்கிறது. மூச்சுக்காற்றும் அப்படித்தான். பிரான்சில் லாஸ்கோ குகையின் ஓவியங்கள் பார்வையாளர்களின் மூச்சாலும் ஈரத்தாலும் கெட ஆரம்பித்ததால் 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது நகல் குகையைத்தான் காட்டுகிறார்கள்.

மலையேறி

விளக்கு விஷயத்தில் உங்கள் கட்சி. தட்டும் விஷயத்தில் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

நந்தியால் மருமகன்

பெண் எடுத்த ஊர் நந்தியால், அந்த உரிமையில் எழுதுகிறேன். "ஜெர்மன்காரர்கள் கண்டுபிடித்த குகை" என்று சிலர் சொல்வார்கள். 1982 முதல் 84 வரை கெபாவர் தலைமையில் ஒரு ஜெர்மன் குழு வந்து உள்ளே முழுக்க ஆராய்ந்து அளந்தது உண்மை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பள்ளம் எப்போதும் தெரியும். தெரிந்து என்ன செய்தார்கள்? குப்பை கொட்டினார்கள். பெலும் ஊர்க் கழிவு போகும் இடம் அதுதான். பிறகு ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் விடாமல் அலைந்து, 1999-இல் அரசு எடுத்துக்கொண்டது. சுத்தம் செய்து, பாதை போட்டு, 2002-இல் திறந்தார்கள். விளக்கைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுலா வராவிட்டால் இன்றைக்கும் அங்கே குப்பைதான்.

பக்கத்தில் ஜ்வாலாபுரம் என்று ஒரு ஊர், பனகானபள்ளி அருகில் (ஆமாம், மாம்பழத்து ஊரேதான்). 74,000 வருடம் முன்பு சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே மண்ணுக்குள் வெள்ளை அடுக்காகக் கிடக்கிறது. அந்த அடுக்குக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் கற்கருவி. 2007-இல் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவ்வளவு பெரிய வெடிப்புக்குப் பிறகும் இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் வாதாடினார்கள். அந்தச் சாம்பலை வெட்டி எடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும் பவுடருக்கு அனுப்பினார்கள். நம் வீட்டுக் குக்கரின் அடிப்பிடிப்பைச் சுரண்டியது சுமத்ரா எரிமலையாகக்கூட இருக்கலாம்.

கீழ்க்கட்டளைவாசி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பையனிடம் படித்துக் காட்டினேன், பெலும் பற்றிய பேச்சே போய், பில்லசுர்கம் போயே ஆக வேண்டும் என்கிறான். போக முடியுமா?

நந்தியால் மருமகன்

போகலாம், ஆனால் குடும்பத்தோடு வேண்டாம். அது காட்சிக் குகை இல்லை. விளக்கு, படி, வழிகாட்டி எதுவும் கிடையாது. சுற்றிலும் குவாரி. வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் போகக் கூடாது. அதோடு, பையன் மண்ணைக் கிளறி எதையாவது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அந்த அடுக்கு கெட்டுவிடும், பிறகு தேதி கணிக்கிறவர்களுக்கு அது உதவாது.

சில்லுக்கல்

வழிமொழிகிறேன். பையனுக்குக் கைக்கோடரிதான் வேண்டும் என்றால் ஆந்திரா வரை போகவே தேவையில்லை. பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அத்திரம்பாக்கம் அங்கிருந்து கிட்டத்தில்தான். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அங்கே தோண்டி, கைக்கோடரி அடுக்குக்கு 15 லட்சம் வருடம் என்று 2011-இல் காட்டினார்கள். அதே வட்டாரத்தில் குடியம் குகை, அதையும் ஃபூட் பார்த்திருக்கிறார். சுண்ணாம்புக் குகை இல்லை, கூழாங்கல் பதிந்த பாறையில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கூரை. கல்விழுது கிடையாது, காட்டுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். அந்தக் கூரையின் கீழ் நின்றால் ஈப்போ ராணி சொன்னது புரிந்துவிடும்.

ஃபூட் சேர்த்த கற்கருவித் தொகுப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஆகவே முதலில் எழும்பூர், பிறகு ஒரு ஞாயிறு பூண்டி, குடியம். விடுமுறையில் பெலும், கண்டிக்கோட்டை. பெலுமுக்குப் போகும்போது எலும்புக்கூட்டை மறந்துவிட்டு, பாறைப்பித்தன் சார் சொன்ன குழிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையேறி

குடியத்துக்கு நானும் வருகிறேன். யாராவது தேதி போடுங்கள்.

ஓசூர் கலா

அம்மாவுக்குக் கண்டிக்கோட்டையில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் விளிம்பில் தடுப்பு கிடையாது. சின்னவன் கையை விடாதீர்கள். மாலை வெயில் சாயும் நேரத்துக்கு அங்கே இருக்கும்படி வைத்துக்கொண்டு, பெலுமை மறுநாள் காலையில் திறந்தவுடன் முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குமேல் உள்ளே புழுக்கமும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ரயில்பைத்தியம்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிக்கு லீவு போட்டுக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.